கான்ஃபரன்ஸ் மாறினால் காசு வருமா? கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் பட்ஜெட் அலுவலகத்தில் 17 வருடம் குப்பை கொட்டியவள் நான். அங்கே கல்லூரி அணிகள் எந்தக் கூட்டமைப்பில் சேர்ந்து ஆடுகின்றனவோ அதற்குப் பெயர் கான்ஃபரன்ஸ். டிவி ஒப்பந்தம் போடுவதும், வந்த பணத்தைப் பங்கு பிரிப்பதும் அதுதான். பிக் டென், ஏசிசி, எஸ்இசி, பேக்-12, பிக் ஈஸ்ட் எல்லாம் இப்படிப்பட்ட கான்ஃபரன்ஸ்களின் பெயர்கள். இந்தப் பங்குக்காகத்தான் இவ்வளவு தாவலும். பணத்தைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள். யார் ஜெயிப்பார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், நான் ஆட்டம் பார்ப்பதில்லை.

எடிசன், நியூ ஜெர்சி: அக்கா, பிக் டென்னில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வருடம் 60 மில்லியன் டாலருக்கு மேல் கிடைக்கிறதாம். எங்கள் ரட்கர்ஸ் 2014-லேயே சேர்ந்துவிட்டது. இன்னும் பற்றாக்குறை என்கிறார்களே, பணமெல்லாம் எங்கே போகிறது?

பந்தியில் உட்கார்ந்த உடனே பாயசம் வந்துவிடாது தம்பி. அந்த 60 மில்லியன் முழு உறுப்பினரின் பங்கு. ரட்கர்ஸ் உள்ளே வந்தபோது கிடைத்தது குறைந்த பங்கு, அது வருடங்கள் கழித்துத்தான் முழுசானது. நடுவில் பிக் டென்னிடமே முன்பணம் வாங்கினார்கள். முன்பணம் என்றால் வருமானம் இல்லை, கடன். பழைய இடத்தை விட்டு வர 11.5 மில்லியன் கட்டியது தனி.

ஆனால் செலவு முதல் நாளே முழுசாக வந்து நின்றுவிடும். பக்கத்து வீடு ஓஹயோ ஸ்டேட், எதிர் வீடு மிச்சிகன். அவர்கள் பயிற்சியாளருக்குத் தரும் சம்பளத்தைப் பார்த்துத்தான் நீங்களும் தர வேண்டும். உடற்பயிற்சிக் கூடம், பயிற்சி மைதானம் எல்லாமே அந்த அளவுக்கு.

இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: யாராவது ஒரு பெரிய தொகையைச் சொன்னால், அது எந்த வருடம் வரும் என்று கேளுங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒருமுறை இப்படி ஒரு தொகையைத் தடித்த எழுத்தில் திரையில் போட்டார்கள். வருடம் எது என்று கேட்டேன். அறை அமைதியானது. அடுத்த கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை.

பால்டிமோர்: வெளியேறும் கட்டணத்தை யாராவது முழுசாகக் கட்டியிருக்கிறார்களா மேடம்?

உங்கள் ஊர்க் கதையே இருக்கிறதே. மேரிலாந்து 2012 நவம்பரில் ஏசிசியை விட்டுப் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தது. அதே வருடம்தான் பணமில்லை என்று ஏழு விளையாட்டுகளை மூடியிருந்தார்கள். ஏசிசி கேட்ட கட்டணம் 52.2 மில்லியன். வழக்கு, எதிர் வழக்கு எல்லாம் முடிந்து 2014-ல் சுமார் 31.4 மில்லியனில் சமாதானம். கையை விட்டுக் கட்டவும் இல்லை, மேரிலாந்துக்கு வரவேண்டிய பங்கை ஏசிசி ஏற்கெனவே நிறுத்தி வைத்திருந்தது, அதை அப்படியே வைத்துக்கொண்டது.

வழக்கமாக நடப்பது இதுதான். மேற்கு வர்ஜீனியா 2012-ல் பிக் ஈஸ்ட்டிலிருந்து அவசரமாகக் கிளம்ப 20 மில்லியன் தந்தது. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் ஒரு வருடம் முன்னதாக, 2024-ல், எஸ்இசிக்குப் போகச் சேர்ந்து 100 மில்லியன் விட்டுக்கொடுத்தன. அதுவும் பெரும்பாலும் வரவேண்டிய பங்கிலிருந்து பிடித்ததுதான். செக் எழுதாததால் வலிக்காது என்று நினைக்கிறார்கள். அந்தப் பங்கை நம்பி அடுத்த வருட பட்ஜெட் போட்டவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சான் ஹோசே: கான்ஃபரன்ஸ் மாறினால் என் மகனின் படிப்புக் கட்டணம் ஏறுமா?

நேரடியாக ஏறாது. விளையாட்டுத் துறைக்குத் துண்டு விழுந்தால் இரண்டு பைகளில் கை வைப்பார்கள்: மாணவர் கட்டணம், பல்கலைக்கழகத்தின் பொது நிதி. இரண்டையும் தொடாமல் ஓடும் துறைகள் மிகக் குறைவு.

பெர்க்லி: லாஸ் ஏஞ்சலஸின் யூசிஎல்ஏ பல்கலைக்கழகம் பிக் டென்னுக்குப் போனதற்கு எங்கள் பெர்க்லிக்கு ஏன் பணம் தருகிறார்கள்? ஜீவனாம்சமா?

இங்கே பத்திரிகைக்காரர்களும் அதே கேலிதான் செய்தார்கள். இரண்டும் ஒரே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள், இரண்டுக்கும் மேலே ஒரே நிர்வாகக் குழு, பெயர் ரீஜென்ட் சபை. 2022 ஜூன் 30 அன்று யூசிஎல்ஏவும், அதே ஊர்த் தனியார் பல்கலைக்கழகமான யூஎஸ்சியும் பேக்-12-ஐ விட்டுப் போவதாக அறிவித்தபோது, மிச்சமிருப்பவர்களின் டிவி மதிப்பு விழும் என்பது சபைக்குத் தெரியும். மூத்தவன் நகரத்துக்குப் போய்ச் சம்பாதிக்கட்டும், ஆனால் வீட்டில் இருப்பவனுக்கும் ஏதாவது அனுப்பட்டும் என்று முடிவு செய்தார்கள். 2 முதல் 10 மில்லியன் வரை என்று ஆரம்பித்து, 2024-ல் வருடத்துக்கு 10 மில்லியன் என்று நிர்ணயித்தார்கள்.

யூசிஎல்ஏ பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். பேக்-12 கடைசிக் காலத்தில் தந்தது வருடம் 37 மில்லியன் அளவு. பிக் டென்னில் அவர்களுக்கும் யூஎஸ்சிக்கும் முதல் நாளிலிருந்தே முழுப் பங்கு, இது எல்லாருக்கும் கிடைக்காத யோகம். அதில் பெர்க்லிக்கு 10. பயணம், சாப்பாடு, வழியில் படிப்புத் துணை என்று இன்னும் ஒரு 10 மில்லியன் சுமார். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரட்கர்ஸ் போவது சென்னை தில்லி தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்புறம் கல்லூரி வீரர்கள் பணம் கேட்டுப் போட்ட ஹவுஸ் வழக்கின் தீர்வு: 2025-26 முதல் வீரர்களுக்கே நேரடியாகப் பங்கு தரலாம், முதல் வருட உச்சவரம்பு 20.5 மில்லியன். கூடுதலாக வந்ததில் எவ்வளவு தங்கும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ்: என் அக்கா மகன் எஃப்-1 மாணவர் விசாவில் வந்து கல்லூரி அணியில் டென்னிஸ் ஆடுகிறான். இந்தப் பங்குப் பணம் அவன் வாங்கலாமா?

இது என் துறை இல்லை. குடியேற்ற வழக்கறிஞரிடமும் அவன் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேளுங்கள். கேட்கும்வரை ஒரு டாலர்கூட வாங்கவேண்டாம்.

ஹூஸ்டன்: ஒன்பது வருடம் டிவி பணமே வேண்டாம் என்று சொல்லி எஸ்எம்யூ (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) ஏசிசியில் சேர்ந்ததே, இது என்ன கணக்கு?

எனக்குப் பிடித்த கேள்வி. 2023 செப்டம்பரில் ஏசிசி மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டுக்கும் பெர்க்லிக்கும் ஏழு வருடம் 30 சதவீதப் பங்கு, எட்டாவது வருடம் 70, ஒன்பதாவது 75, பிறகு முழுசு. டல்லஸில் இருக்கும் எஸ்எம்யூவுக்கு ஒன்பது வருடம் டிவி பங்கு பூஜ்யம். ஆனால் புதிதாக வந்தவர்களுக்கும் சேர்த்து இஎஸ்பிஎன் டிவி பணம் தருகிறது! அந்த மிச்சம் பழைய உறுப்பினர்களுக்குப் போகிறது. புது மருமகளின் சம்பளத்தை நாத்தனார்கள் பிரித்துக்கொண்ட கதை.

டல்லஸ்: கேலி வேண்டாம் மேடம். நான் எஸ்எம்யூவில் படித்தவன். அறிவித்து ஒரு வாரத்தில் 100 மில்லியன் டாலர் நன்கொடை திரட்டினோம். முதல் சீசனிலேயே தேசியக் கோப்பைக்கான ப்ளேஆஃப் சுற்றுக்குப் போனோம். இதைவிட என்ன வேண்டும்?

கேலி இல்லை சார். 1987-ல், கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்சிஏஏ தந்த தண்டனையில் ஃபுட்பால் (அமெரிக்க ஃபுட்பால்தான்) சீசனே ரத்தானது உங்களுக்கு. அங்கிருந்து 2024 ப்ளேஆஃப் என்றால் சாதாரண ஏற்றம் இல்லை. நான் சொல்வது, இதை வேறு யாரும் நகலெடுக்க முடியாது. டல்லஸ் பணக்காரர்கள் எல்லா ஊரிலும் இல்லை.

பிளேனோ: அந்த 100 மில்லியன் உதவித்தொகைக்கும் ஆய்வகத்துக்கும் வந்திருக்க வேண்டிய பணம்தானே? டல்லஸ்காரர் அதைச் சொல்லமாட்டார்.

டல்லஸ்: ஸ்டேடியத்துக்குக் கொடுப்பவர் ஆய்வகத்துக்குக் கொடுக்கவே மாட்டார். வேறு ஆள், வேறு பர்ஸ்.

இருவருமே பாதி சரி. நான் பார்த்தவரை, பெரிய நன்கொடையாளர் தன் ஆசைக்குத்தான் கொடுப்பார். ஃபுட்பால் பைத்தியத்திடம் நூலகம் கேட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அதனால் 100 மில்லியனும் ஆய்வகத்திலிருந்து பிடுங்கியது இல்லை. ஆனால் நடுத்தர நன்கொடையாளர் வேறு மாதிரி. வருடம் ஆயிரம் இரண்டாயிரம் தருபவர், விளையாட்டுக்குத் தந்த வருடம் படிப்புக்குத் தராமல் விட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம், நன்கொடை வாக்குறுதிக்கும் தேதி உண்டு. 100 மில்லியன் திரட்டினோம் என்றால் வங்கியில் விழுந்ததா, ஐந்து வருடத் தவணையா? மறுபடியும் அதே கேள்விதான்.

டல்லஸ்: பத்தாவது வருடம் பேசுவோம்.

பேசுவோம். ஒன்று மட்டும்: ஏசிசியின் இஎஸ்பிஎன் ஒப்பந்தம் 2036 வரை. உங்களுக்கு முழுப் பங்கு வரத் தொடங்கும் நேரத்துக்கு அந்தப் பந்தி முடியும் தறுவாயில் இருக்கும்.

அட்லாண்டா: கட்டணம் ஏறுமா என்று…

சான் ஹோசேக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சியாட்டில்: எல்லாரும் ஓடிப்போன பிறகு மாட்டிக்கொண்டவர்கள் கதி? வாஷிங்டன் ஸ்டேட்டில் படிக்கிறாள் என் தங்கை.

பாவம், அவர்கள் தப்பே செய்யவில்லை. 2023 ஆகஸ்டில் பேக்-12-க்கு ஆப்பிள் கொடுக்க முன்வந்த டிவி ஒப்பந்தம் போதாது என்று மற்றவர்கள் கலைந்தார்கள். ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போனது முழுப் பங்குக்கு இல்லை, சுமார் 30 மில்லியனில் தொடங்கி வருடம் ஒரு மில்லியன் ஏறும் பங்குக்கு. மீதி இருந்தது புல்மனில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட், கொர்வாலிஸில் இருக்கும் ஓரிகன் ஸ்டேட். இரண்டும் சின்ன ஊர், சின்ன டிவி சந்தை.

அவர்கள் நீதிமன்றம் போய், பேக்-12-இன் கஜானா தங்கள் கையில்தான் என்று நிலைநாட்டினார்கள். போன பத்துப் பேரிடமிருந்து 65 மில்லியன் பிடித்துக்கொண்டார்கள். ஆட ஆளில்லாமல் 2024 சீசனுக்கு மவுண்டன் வெஸ்ட் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்கு 14 மில்லியன் கொடுத்து ஆட்டங்கள் வாங்கினார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு பொடி எழுத்து: எங்கள் உறுப்பினர்களை இழுத்தால் முதல் ஆளுக்கு 10 மில்லியன், அடுத்தடுத்த ஆளுக்கு அரை அரை மில்லியன் கூட. சில மாதத்தில் போய்சி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் உட்பட ஐந்து பேரை இழுத்தார்கள். 10, 10.5, 11, 11.5, 12. கூட்டினால் 55 மில்லியன். உடனே அந்த விதியே செல்லாது என்று வழக்கு! தான் கையெழுத்துப் போட்ட காகிதத்தின் மேல். கைவிடப்பட்டவர்கள் மேல் எனக்கு இருந்த இரக்கம் அன்று கொஞ்சம் குறைந்தது.

டல்லாஹாசி: ஃப்ளோரிடா ஸ்டேட் ஏசிசியிலிருந்து எப்போது கிளம்பும்?

எப்போது என்று ஜோசியம் சொல்லமாட்டேன், விலை சொல்கிறேன். ஏசிசியோடு நடந்த வழக்கு 2025 மார்ச்சில் சமாதானமானபோது ஒரு பட்டியல் போட்டார்கள்: 2025-26-ல் போனால் 165 மில்லியன், வருடம் 18 குறைந்து 2030-31-ல் 75. போகிறவர் தன் டிவி உரிமையையும் கூடவே எடுத்துப் போகலாம், முன்பு அதுதான் பெரிய பூட்டு. எந்த வருடம் பரபரப்பாகும் என்று பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

ஹார்ட்ஃபோர்ட்: கீழே இறங்கினால் லாபம் உண்டா? எங்கள் யூகான் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பியதே.

17 மில்லியன் கட்டி 2020-ல் திரும்பினார்கள். பயணம் குறைந்தது, பழைய எதிரிகள் வந்ததால் கூடைப்பந்துக்குக் கூட்டம் வந்தது, 2023, 2024 இரண்டு வருடமும் ஆண்கள் கோப்பை. நல்ல முடிவு என்பேன். பற்றாக்குறை தீர்ந்துவிடவில்லை.

சான் டியாகோ: ஐபிஎல் மாதிரி அணியை விற்றுவிடலாமே?

வரி விலக்கு வாங்கும் கல்வி நிறுவனம் தம்பி அது. வேண்டாம்.

நேப்பர்வில்: கட்டணம் ஏறுமா என்று கேட்கவில்லை. பில்லில் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று கேட்கிறேன்.

அப்படிக் கேளுங்கள்! பில்லில் படிப்புக் கட்டணத்துக்குக் கீழே கட்டாயக் கட்டணங்கள் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் விளையாட்டுக்கு என்று தனி வரி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பொதுக் கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கலாம். அடுத்து, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருடாவருடம் என்சிஏஏவுக்கு ஒரு நிதி அறிக்கை அனுப்புகிறது. அரசுப் பல்கலைக்கழகமானால் பொதுத் தகவல் சட்டப்படி அதைக் கேட்டு வாங்கலாம். வருமானப் பகுதியில் மாணவர் கட்டணம், நிறுவனத்தின் நேரடி உதவி என்று இரண்டு வரிகள் வரும். கான்ஃபரன்ஸ் மாறுவதற்கு மூன்று வருடம் முன்பிருந்து இன்றுவரை அந்த இரண்டையும் எழுதி வையுங்கள். குறைந்திருந்தால் எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆசை.