சன்னிவேலில் தங்கி பே ஏரியாவைச் சுற்றிப் பார்க்க வாடகைக் கார் அவசியமா?

தம்பி வீடு சன்னிவேலில், பத்து நாள் பயணம், கூட மனைவியும் அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பா அம்மாவும். கார் எடுத்தே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுங்கள், ஆனால் பத்து நாளைக்கும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் போதும். அதை சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குள் கொண்டு போகாதீர்கள். நான் இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

முதலில் வரைபடத்தைப் பாருங்கள். பே ஏரியா என்பது சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சுற்றியுள்ள ஊர்கள்தான். வளைகுடாவின் மேற்கே நீளமான தீபகற்பம், அதன் வட முனையில் சான் பிரான்சிஸ்கோ, தெற்குக் கோடியில் சான் ஹோசே. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கிழக்குக் கரையில் பெர்க்லி, ஓக்லண்ட், ஃப்ரீமாண்ட். மேற்குக் கரையோரமாகக் கால்ட்ரெய்ன் என்ற ரயில் ஓடுகிறது. கிழக்குக் கரையையும் சான் பிரான்சிஸ்கோவையும் பார்ட் என்ற இன்னொரு ரயில் இணைக்கிறது. இரண்டும் சான் ஹோசே வரை வந்தும் அங்கே ஒன்றையொன்று தொடவில்லை. சேர்த்து வைக்கும் சுரங்கப்பாதை வேலைகள் நடக்கின்றன, உங்கள் பயணத்துக்கு ஆகாது. தம்பி வீடு இருக்கும் சன்னிவேல், சான் ஹோசேக்குச் சற்று முன்னால் மேற்குப் பக்கம் என்பதால் உங்களுக்கு வாய்த்தது கால்ட்ரெய்ன். நல்ல வாய்ப்புதான்.

2024 செப்டம்பரில் டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறியதிலிருந்து கால்ட்ரெய்ன் வேறு ரயிலாகிவிட்டது. மாடி ரயில், சத்தமில்லை, சனி ஞாயிறிலும் அரை மணிக்கு ஒன்று. சன்னிவேலிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. ஒன்றை மட்டும் அப்பா அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். இதற்குக் கதவு வைத்த நுழைவாயில் கிடையாது. பிளாட்பாரத்தில் நிற்கும் சின்ன கம்பத்தில் ஏறும் முன் கார்டைத் தட்ட வேண்டும், இறங்கிய பிறகும் மறக்காமல் தட்ட வேண்டும். இறங்கித் தட்டாவிட்டால் அதிகபட்சக் கட்டணத்தைப் பிடித்துவிடும். பார்ட்டில் கதவு இருப்பதால் மறக்கவே முடியாது. நகரப் பேருந்தான மூனியில் ஏறும்போது ஒரு தட்டு, அவ்வளவுதான். மூன்றுக்கும் மூன்று வழக்கம். வந்தவர்கள் எல்லோரும் குழம்புவது இங்கேதான்.

கார்டு என்றது கிளிப்பர் கார்டை. இங்கே ரயில், பேருந்து, படகு என்று இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தனித்தனியாக நடத்துகின்றன, ஆனால் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இந்த ஒரு கார்டு போதும். ஆளுக்கொன்று வேண்டும், ஒன்றை வைத்து நாலு பேர் போக முடியாது. 65 ஆனவர்களுக்குத் தனி கிளிப்பர் உண்டு, கட்டணம் பாதியோ அதற்கும் குறைவோ. வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிவிடுங்கள்.

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திலிருந்து வருவதற்கு: பார்ட்டில் ஒரே நிறுத்தம் மில்பிரே, அங்கே கால்ட்ரெய்னுக்கு மாறினால் நேராக சன்னிவேல். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இருபது மணி நேரம் பறந்து வந்த அம்மாவையும், நாலு பெரிய பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த வேலை வேண்டாம். தம்பியை வரச் சொல்லுங்கள். திரும்பும்போதும் அப்படியே.

சான் பிரான்சிஸ்கோவுக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்குங்கள். கால்ட்ரெய்ன் நிலையம் நகரின் மையத்தில் இல்லை. வாசலிலேயே மூனி டிராம் வரும், அதில் மார்க்கெட் தெருப் பக்கம் போய்விடலாம். கேபிள் கார் என்பது தரைக்கடியில் ஓடும் கம்பி இழுத்து மேடேறும் பழைய டிராம். அதற்கு பாவல் தெருவில் சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டி நிற்பார்கள், கட்டணமும் சாதாரண பஸ்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆசைக்கு ஒரு தடவை ஏறுவதானால் கலிஃபோர்னியா தெரு வழித்தடத்தில் ஏறுங்கள், கூட்டம் குறைவு. எனக்குப் பிடித்தது எஃப் வழித்தடத்தில் ஓடும் டிராம். மிலான் நகரத்தில் ஓடிய பழைய ஆரஞ்சு நிற வண்டிகள்கூட அதில் உண்டு. மர இருக்கையில் உட்கார்ந்து கடலோரமாகவே போகலாம், சாதாரணக் கட்டணம்தான்.

படகை விட்டுவிடாதீர்கள். ஃபெர்ரி பில்டிங் படகுத்துறையில் ஏறி அக்கரை ஊரான சாசலிட்டோ போனால் அரை மணிப் பயணம், ஒரு பக்கம் பழைய சிறை இருக்கும் அல்கட்ராஸ் தீவு, எதிரே கோல்டன் கேட் பாலம். தனியாக விற்கும் சுற்றுலாப் படகுச் சவாரியில் பார்ப்பதில் பெரும்பகுதியை இதில் கிளிப்பர் கார்டைத் தட்டியே பார்த்துவிடலாம். மேல் தளத்தில் காற்று அடிக்கும். ஜூலையாக இருந்தாலும் அப்பாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா கோடை என்று நம்பி அரைக்கை சட்டையோடு வந்து நடுங்குகிறவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். சாசலிட்டோவில் மாலைப் படகுக்கு, பாலத்தைச் சைக்கிளில் கடந்து வந்தவர்கள் நீளமாக வரிசை நிற்பார்கள், அதனால் சீக்கிரம் திரும்பிவிடுங்கள்.

பார்ட்டில் ஒரு தடவையாவது போய் வாருங்கள், பெர்க்லி பக்கம் போகும் சாக்கில். வளைகுடாவுக்கு அடியில் கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர் குழாய்க்குள் ஓடும், காதைக் கிழிக்கும் கீச்சொலி. தண்டவாள அகலம் நம்மூர் பிராட்கேஜ் அளவேதான், 1,676 மில்லிமீட்டர். அமெரிக்க ரயில்களின் வழக்கமான அளவு அதைவிடக் குறுகலானது. என் மாமாவிடம் இதைச் சொன்னதும், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், இறங்கிய நிலையத்தில் நின்று பிளாட்பார விளிம்பிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார்.

இனி கார். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கு, ஹாஃப் மூன் பே, பீஜன் பாயிண்ட் கலங்கரை விளக்கம் என்று ஒன்றாம் நம்பர் நெடுஞ்சாலையில் கடலோரம் போவதற்கு, ரெட்வுட் என்னும் நெடுமரங்கள் நிறைந்த மியூர் உட்ஸ் காட்டுக்கு. இவற்றை ரயிலை நம்பிப் பார்க்க முடியாது. மியூர் உட்ஸில் வண்டி நிறுத்த முன்பதிவு கட்டாயம். அங்கே போன் சிக்னல் கிடைக்காது, சீட்டை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகும்போது இடது ஓரத்து எக்ஸ்பிரஸ் லேனில் நுழையாதீர்கள், அது காசு. பாலங்களில் டோல் ஒரு திசைக்கு மட்டும்தான், ஆனால் வாங்க ஆள் கிடையாது. கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடும். பில் வாடகைக் கம்பெனிக்குப் போகும், அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு கட்டணத்தைச் சேர்த்து உங்கள் தலையில் கட்டுவார்கள். வண்டி எடுக்கும்போதே டோலுக்கு நாளுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். நம்மூர் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆனாலும் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச அனுமதி ஒன்று வாங்கி வருவது நல்லது.

நகரத்துக்குள் கார் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பார்க்கிங் செலவு பாதிக் காரணம்தான். சுற்றுலா இடங்களில் நடைபாதை ஓரமாகப் பொடிப்பொடியாகக் கண்ணாடித் துண்டுகள் மின்னும், கவனித்துப் பாருங்கள். எல்லாம் உடைபட்ட கார் ஜன்னல்கள். மீறிப் போவதானால் சீட்டில் ஒரு காலிப் பையைக்கூட விடாதீர்கள், பாஸ்போர்ட்டை டிக்கியிலும் வைக்காதீர்கள்.