குழாய்த் தண்ணீரைக் கேட்க ஆள் இல்லையா?

கேள்வி: எங்கள் ஊர்க் குழாயில் மூணு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். திறந்ததும் கொஞ்ச நேரம் கலங்கலாக வருகிறது, சில நாள் பிளீச்சிங் பவுடர் வாடை வேறு. கேன் தண்ணீருக்காவது ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டு. குழாய்த் தண்ணீருக்கு யார் பொறுப்பு? - வாசகி ஒருவர், குளச்சல் பக்கம்

பதில்: லேசான வாடைக்குக் கோபப்படாதீர்கள், அது கிருமியைக் கொல்கிற குளோரின் வாடை, அறவே இல்லாத நாளில்தான் சந்தேகப்பட வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம். (மூக்கைத் துளைத்தால் கணக்கில்லாமல் கொட்டியிருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

கலங்கல்தான் விஷயம். விட்டு விட்டுத் தண்ணீர் விடுகிற ஊரில், குழாய் காலியாகும்போது உள்ளே அழுத்தம் போய்விடும், விரிசல் இருக்கிற இடத்தில் பக்கத்து ஓடைத் தண்ணீர் உள்ளே புகும், போதாததற்கு நம் ஆட்களே லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீரை எவ்வளவு சுத்திகரித்து அனுப்பினாலும் கடைசித் தெருவில் கெட்டுப்போகிறது இப்படித்தான். முதலில் வருவதைச் செடிக்கு ஊற்றுங்கள், குடிக்கிறதைக் கொதிக்க வையுங்கள்.

சரி, சட்டம்? கேனுக்கு அந்த முத்திரை பல வருடம் கட்டாயமாக இருந்தது, 2024-ல்தான் தளர்த்தினார்கள். குழாய்க்கோ 10500 வெறும் வழிகாட்டிதான். அமெரிக்காவில் 1974-லேயே தனிச் சட்டம் போட்டார்கள், இன்று அங்கே தண்ணீர் விநியோகிப்பவர் வருடா வருடம் பரிசோதனை முடிவுகளை மக்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். நமக்கு இருப்பது மாசில்லாத நீர் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சொன்னது. பெரிய வார்த்தைதான், ஆனால் மாதிரி எடுக்க அது வராதே!

அதனால் 'தண்ணி சரியில்ல' என்று மொட்டையாக மனு கொடுக்காதீர்கள், ஒரு ஓரத்தில் போட்டுவிடுவார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள்: கடைசியாக எந்தத் தேதியில் பரிசோதித்தீர்கள், மாதிரியைத் தொட்டியில் எடுத்தீர்களா கடைசி வீட்டுக் குழாயில் எடுத்தீர்களா, 100 மில்லியில் ஈ. கோலி இருந்ததா? மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கிற அந்தக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தொட்டியில் மட்டும் எடுத்ததாகப் பதில் வந்தால் உங்கள் தெருக் குழாயிலும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஊராட்சி என்றால் மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபையிலேயே கேட்டுத் தீர்மானமாக எழுத வைக்கலாம்.

அப்புறம், கிணற்றில் கடல் உப்பு ஏறியிருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை, உப்பு அப்படியேதான் இருக்கும்.