ருவாயான் தேவாலயத்தில் துரு: கேள்வி பதில்

பிரான்சின் அட்லாண்டிக் கரையில் உள்ள ருவாயான் ஊர் 1945 ஜனவரி குண்டுவீச்சில் தரைமட்டமானது. அங்கே கியோம் கிலே வடிவமைத்து 1955–58ல் எழுந்த நோத்ர் தாம் தேவாலயத்தை வைத்தே பெரும்பாலான கேள்விகள் வந்திருப்பதால், அதையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

எழுபது வருடம்கூட ஆகாத கான்கிரீட் இப்படிக் கெடுமா சார்?

கெடும். வி வடிவில் மடித்த மெல்லிய தூண்கள், சேணம் போல வளைந்த கூரை என்று எல்லாமே மெலிந்த கான்கிரீட். அதனால் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பிக்கு மேல் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்) குறைவு. கடலோ கூப்பிடு தூரத்தில். கான்கிரீட்டின் காரத்தன்மை (பிஎச் 12.5–13) இருக்கும்வரை கம்பி பத்திரம். காற்றின் கரியமில வாயு அதை மெல்ல 9க்குக் கீழே இறக்கிவிடும். உப்பு அந்தக் காரம் இருக்கும்போதே கம்பியைக் குழிகுழியாக அரிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கிறது.

சேதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

முதலில் சுத்தியல். நல்ல இடம் 'ணங்' என்னும், விட்டுப்போன இடம் 'டொப்' என்னும். அப்புறம் ஒரு மூலையைப் புதிதாக உடைத்து, தூசியைத் துடைத்துவிட்டு, காரத்தை நிறத்தால் காட்டும் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், இழந்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கவரைத் தாண்டிவிட்டால் கம்பி காவலில்லாமல் நிற்கிறது என்று பொருள். உப்புக்கு வெவ்வேறு ஆழத்தில் துளைபோட்டு, அந்தத் தூளை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். காப்பர் சல்பேட் மின்வாயைக் கான்கிரீட் மேல் வைத்து, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும்போது மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால், அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ஆனால் ஈரச் சுவரில் இந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசினால் போதாதா?

இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், இதுதான் அதிகம் கெடுக்கிறது. கம்பிக்குப் பின்னால் 2 செ.மீ. வரை கொத்தி, துருவை முழுக்க எடுத்த பிறகே பூச வேண்டும். உப்பு ஏறிய சுவரில் இதைச் சரியாகச் செய்தாலும் தொல்லை தீராது: பூசிய இடத்தில் கம்பி நிம்மதியாக இருக்க, அதன் விளிம்பை ஒட்டிய பழைய பகுதியில் துரு முளைக்கும். உப்பு ஏறிய கான்கிரீட்டைத் தாராளமாக அகற்றுங்கள், அல்லது கம்பிக்குப் பதிலாகத் தாமே அரிபடும் துத்தநாகக் கட்டிகளைப் பதியுங்கள். பரப்பு பெரிதென்றால் கம்பிக்குச் சிறு மின்சாரம் செலுத்தித் துருவைத் தடுக்கும் கத்தோடிக் பாதுகாப்புதான் வழி.

பெயிண்ட் அடித்து மூடிவிடலாமே?

வேண்டாம். இந்தக் கட்டிடங்களுக்குப் வார்ப்புப் பலகையின் தடம் பதிந்த கான்கிரீட்தான் முகம். மணல், சிமெண்ட் நிறம் பொருந்தும் கலவையை மறைவான இடத்தில் பூசி, நன்றாக உலர்ந்த பிறகு நிறத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

உடைக்காமலே காரத்தைத் திரும்ப ஏற்ற முடியுமாமே?

முடியும், மின்சாரம் செலுத்தி, உப்பு இல்லாத இடத்தில். இழுவிசை ஏற்றிய (இழுத்துப் பிடித்த நிலையில் பதித்த) கம்பிகள் உள்ளே இருந்தால் மட்டும் தொடாதீர்கள். அந்த மின்முறையில் உண்டாகும் ஹைட்ரஜன் அவற்றை முறியச் செய்யும்.

கையில் பணம் குறைவு. எதில் தொடங்குவது?

கூரை ஒழுக்கும் அடைத்த வடிகாலும். தண்ணீரை நிறுத்துங்கள், கீழே விழக்கூடிய சில்லுகளைத் தட்டி எடுங்கள், பூச்சு வேலை அடுத்த வருடம் பார்க்கலாம்.