கமிஷன் வேண்டாம் என்கிற புரோக்கர்

கேள்வி: ஈரோட்டில் நாலரை சென்டில் இருக்கும் எங்கள் பழைய வீட்டை விற்கப் போகிறோம். மூன்று புரோக்கர்கள் வந்து போனார்கள். ஒருவர், "ஆறு மாதத்துக்கு எனக்கு மட்டும் கொடுங்க, 2 சதவீதம்" என்கிறார். இன்னொருவர், "யாருக்கு வேணாலும் சொல்லுங்க, நான் முடிச்சா 1 சதவீதம்" என்கிறார். மூன்றாமவர், "உங்க கைக்கு 62 லட்சம். கமிஷனே வேண்டாம், மேலே வர்றது என்னுது" என்கிறார். இவர் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. இந்த ஆனியிலேயே பேசி முடித்துவிடலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்த மூன்றாமவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், அம்மிணி. அவர் 68-க்கு முடித்தால் 6 லட்சம் அவருக்கு. அதுகூடப் போகட்டும். பத்திரத்தில் எந்தத் தொகையை எழுதுவீர்கள்? 68 என்று எழுதினால், வருமான வரிக் கணக்கில் அத்தனையும் நீங்கள் வாங்கியதுதான். 50 லட்சத்தைத் தாண்டுவதால், வாங்குகிறவர் பணத்தில் முன்கூட்டியே வரியாகப் பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ்ஸும் உங்கள் பான் எண்ணில்தான் ஏறும். 62 என்று எழுதினால் மீதி 6 லட்சம் கறுப்பு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அரசுக்குப் போக வேண்டியதில் துண்டு விழும். பின்னால் நோட்டீஸ் வந்தால் புரோக்கர் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது, உங்கள் கையெழுத்து இருக்கும்.

இப்படிப்பட்டவர்கள் அடுத்து, "ஒரு லட்சம் அட்வான்ஸ் தர்றேன், என் பேருக்கு அக்ரிமெண்ட் போடுங்க" என்பார்கள். போட்டுவிடாதீர்கள். பதிந்த ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் வந்துவிடும். அவர் ரத்துப் பத்திரம் எழுதிக் கொடுக்கும்வரை வேறு பார்ட்டி கிட்டே வர மாட்டார்.

சரி, ஊர் முழுக்கச் சொல்லிவைக்கலாமா? முப்பது வருஷம் பெருந்துறையில் பத்திரம் எழுதினவன் நான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிவிட்டு, என் சொந்த வீட்டை ஐந்து புரோக்கர்களிடம் சொல்லிவைத்தேன். ஆளாளுக்கு ஒரு விலை சொன்னார்கள். ஐந்து பேர் கூவினால், வீட்டில் ஏதோ கோளாறு என்றுதானே கேட்பவனுக்குத் தோன்றும்? கடைசியில் வாங்கினவரை முதலில் கூட்டி வந்தவர் ஒருவர், விலை படிய வைத்தவர் இன்னொருவர். பதிவு அன்று இருவரும் வாசலில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு முழுசும் இன்னொருவருக்குப் பாதியுமாக ஒன்றரை மடங்கு கமிஷன் கொடுத்துத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

அதனால் ஒரே ஆளிடம் கொடுங்கள். ஆனால் ஆறு மாதம் வேண்டாம், தொண்ணூறு நாள் போதும். 2 சதவீதம் என்றால் 62 லட்சத்துக்கு 1,24,000. ஒன்றரைக்குக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார். வாய்ப்பேச்சில் விடாமல் காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முக்கியமாக, நீங்களே பார்ட்டி பிடித்தால் கமிஷன் இல்லை என்று எழுதுங்கள். நம் பக்கம் நிறைய வீடுகள் பங்காளிக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோதான் போகின்றன. அதற்கு எதற்குத் தண்டம்? கெடு முடிந்த பிறகு அவர் காட்டின ஆள் வந்து வாங்கினால் கமிஷன் உண்டு. அதுதான் நியாயம். ஆனால் யார் யாரைக் கூட்டி வந்தார் என்ற பட்டியலைக் கெடு முடிகிற அன்றே எழுதி வாங்கிவிடுங்கள்.

அட்வான்ஸ் புரோக்கர் கை வழியாக வரக் கூடாது, உங்கள் வங்கிக் கணக்குக்கு நேராக வரட்டும். உங்களுக்குப் பதிலாக அவரே விற்கிற அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதித் தரும் பேச்சே வேண்டாம். அசல் பத்திரத்தை வீட்டில் வைத்துக் காட்டுங்கள், கையில் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். கமிஷனைக் கிரயம் முடிந்த அன்று வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்கினால், மூலதன ஆதாயக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

ஆனியில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆடியில் நம் ஊரில் யார் கிரயம் பண்ண வருகிறார்கள்? தொண்ணூறில் முப்பது நாள் சும்மா போய்விடும். ஆவணி முதல் தேதியிலிருந்து கணக்கு என்று எழுதுங்கள்.