கொங்கு வீடுகளில் மென்பவளம்: கேள்வி பதில்

பல்லடம்: அக்கா, மென்பவளம் (கல் கூடு கட்டாத பவளம்) வளர்க்கும் கடல்நீர் டேங்குக்கு, போர் தண்ணீரை வீட்டு ஆர்.ஓ.வில் பிடித்து கடல் உப்பு கலக்கிறேன். கலக்கும் முன் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) 60 காட்டுகிறது. குடிக்க நன்றாகத்தானே இருக்கிறது, பவளத்துக்கு ஆகாதா?

ஆகாது தம்பி. ருசிக்காக கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் கண்ட்ரோலர் பல வீட்டு ஆர்.ஓ.க்களில் இருக்கும். அந்த 60 எதனால் ஆனது என்று மீட்டர் சொல்லாது. சுண்ணாம்பாக இருந்தால் பரவாயில்லை. நைட்ரேட், பாஸ்பேட் என்றால் பாசி பிடிக்கும். செம்பு கொஞ்சம் இருந்தாலே மென்பவளம் சுருண்டுவிடும். கண்ட்ரோலரை மூடி, கடைசியில் ஒரு டி.ஐ. ரெசின் குழாயை (மிச்சம் கரைந்திருப்பதையும் பிடித்துக்கொள்வது) மாட்டுங்கள். மீட்டர் 0 காட்டிய பிறகு உப்பு கலக்கலாம்.

கோவை: எங்களுக்குச் சிறுவாணி வருதுங்க. அதுக்குமா?

அதுக்கும்தான், குளோரின் போட்டுத்தானே விடுகிறார்கள். ஆனால் சிறுவாணியில் கரைந்த உப்பு குறைவு என்பதால் ரெசின் ரொம்ப நாள் உழைக்கும். கொடுத்து வைத்தவர்!

பொள்ளாச்சி: ஆடிக் காற்று ஆரம்பித்ததும் உப்பு அளவு ஏறிக்கொண்டே போகிறது. உப்பே போடவில்லை அக்கா.

போட வேண்டியதே இல்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வீட்டுக்குள் வரும்போது அந்த வேகம் இன்னும் கூடும். கணக்குப் பாருங்கள்: 200 லிட்டர் டேங்கில் நாளுக்கு 4 லிட்டர் குறைந்து, ஒரு வாரம் ஊற்றாமல் விட்டால் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) உப்பு 40-ஐத் தாண்டிவிடும். குறைந்ததற்கு உப்பு கலக்காத டி.ஐ. தண்ணீரைத்தான் தினமும் ஊற்ற வேண்டும். பலர் இந்த இடத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பவளம் மேல் பழி போடுகிறார்கள். ஊருக்குப் போகிறவராக இருந்தால் தானியங்கி டாப்-அப் வாங்குங்கள். மீன் வாங்குவதை விடவும் அதுதான் முக்கியம்.

ஈரோடு: சித்திரையில் டேங்க் 31 டிகிரி. சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கியே ஆகணுமா?

முதலில் மூடியை எடுத்துவிட்டு, தண்ணீர் மேல் படுகிற மாதிரி இரண்டு சின்ன விசிறிகளை வையுங்கள். உங்கள் ஊர் வெயில் வறண்ட வெயில் என்பதால் 2, 3 டிகிரி இறங்கும். விளக்கை மாலையில் ஆரம்பித்து இரவில் எரிய விடுங்கள். அப்புறமும் 28-க்குக் கீழ் வரவில்லை என்றால் சில்லர்தான். சூடு நீடித்தால் பவளத்துக்குள் வாழும் பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். கரண்ட் போகும் நேரத்துக்கு பேட்டரி ஏர் பம்பும் ஒன்று இருக்கட்டும்.

திருப்பூர்: லெதர் பவளம் (தோல் மாதிரி இருக்கும் மென்பவளம்) நான்கு நாளாக விரியவில்லை. மேலே மெழுகு பூசின மாதிரி பளபளக்கிறது. எடுத்துப் போட்டுவிடவா?

ஐயோ, வேண்டாம். தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதன் மேல் தண்ணீர் ஓட்டம் படும்படி வேவ்மேக்கரை (டேங்குக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) திருப்பினால் ஏடு கழன்று போகும். ஃபில்டரில் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் கரியையும் மாற்றிப் போடுங்கள். லெதர் கசியவிடும் வேதிப்பொருள் பக்கத்துப் பவளங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அழுகல் வாசம் வந்தாலோ, அடித்தண்டு கறுத்துக் கரைந்தாலோதான் கவலைப்படணும். அப்போது கெட்ட பகுதியைக் கூர்மையான பிளேடால் வெட்டி எடுங்கள்.

கரூர்: சோவாந்திட் (பொத்தான் மாதிரி கூட்டமாக வளரும் பவள இனம்) என் டேங்கில் பாறை முழுவதும் பரவிவிட்டது. கொதிக்கிற நீரில் போட்டுச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது! சில சோவாந்திட்களில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கொதிக்க வைத்த ஆவியைச் சுவாசித்து குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. வெந்நீர், சூடான நீராவி, உலர விட்டுச் சுரண்டுவது எதுவும் வேண்டாம். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, தண்ணீருக்குள்ளேயே பாறையோடு எடுத்து வேறு டேங்குக்கு மாற்றுங்கள். கையில் வெட்டு இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

நாமக்கல்: ராமேஸ்வரம் போகிறோம், அங்கே பவளம் எடுத்து வரலாமா?

எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா. கல்பவளமும் கடல்விசிறியும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. ஜெயில் வரை போகும் விஷயம் இது.

பவானி: ஸ்டார் பாலிப் என்ற மென்பவளத்தை எங்கே வைப்பது?

தனிப்பாறையில், மற்ற பாறைகளைத் தொடாமல். ஒட்டிவிட்டால் கம்பளம் மாதிரி எல்லாவற்றையும் மூடிவிடும்.