கயல் என்றால் மீன்தானா?

கேள்வி: பேத்திக்குக் கயல் என்று பெயர் வைத்தோம். "மீன் பெயரா?" என்று தோட்டத்தில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சரியான பொருள் என்ன? பாலர் பள்ளியில் அவள் பாட, பெயரோடு ஒலி ஒத்துவரும் சொற்களும் வேண்டும்.
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: மீன்தான் அம்மா, அதில் என்ன குறை? கயல் கெண்டை மீன். பாண்டியர் கொடியில் இருந்தது மீன், பெண்களின் கண்ணுக்குப் புலவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த உவமையும் இந்தக் கயல்தான், அதனால்தான் கயல்விழி என்ற பெயரே வந்தது. மதுரை மீனாட்சிக்குத் தமிழில் அங்கயற்கண்ணி என்று பெயர்: அழகிய கயல் போன்ற கண்ணுடையவள். இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள், வாயடைத்துப் போவார்கள்.

அப்புறம் ஒலி. வயல், முயல், புயல், செயல், இயல், அயல் எல்லாமே கயலோடு அழகாகச் சேரும். இரண்டாம் எழுத்து ஒன்றாக வந்து முதல் எழுத்தின் அளவும் ஒத்திருந்தால் அது எதுகை. சாயல் கடைசியில் ஒத்தாலும் முதல் எழுத்து நெடில், அதனால் எதுகையில் சேராது. ஆனால் வரியின் முடிவில் வைத்தால் இயைபாக இனிக்கும். பாட்டுக்கு இப்படித் தொடங்கலாம்:

துள்ளித் துள்ளி ஓடும் முயல்
தண்ணீர் உள்ளே நீந்தும் கயல்

முயலுக்கு ஒரு குதி, கயலுக்குக் கையால் ஒரு நெளிவு, பிள்ளை உடனே பிடித்துக்கொள்வாள்.