ராத்திரிப் பாலை நிறுத்தினால் பால் வற்றிவிடுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ராத்திரிப் பாலைப் பற்றியவை. எல்லாமே ஆறு மாதம் தாண்டிய குழந்தைகளின் அம்மாக்கள் கேட்டவை. உங்கள் குழந்தை அதைவிடச் சிறியது, குறைமாதத்தில் பிறந்தது, அல்லது எடை சரியாக ஏறவில்லை என்றால் இந்தப் பதில்களை வைத்து எதையும் தொடங்க வேண்டாம். முதலில் குழந்தை மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மகளுக்கு எட்டரை மாதம். இரவில் மூன்று முறை எழுகிறாள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்று படித்தேன். இரவில் கொடுக்காவிட்டால் பகலிலும் வற்றிவிடுமா?

படித்தது சரிதான். புரோலாக்டின் பின்னிரவில்தான் உச்சத்தில் இருக்கும். ஆனால் அந்த ஹார்மோனின் ஆட்சி பெரும்பாலும் முதல் சில வாரங்கள்தான். அதன் பிறகு ஒவ்வொரு மார்பும் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்கிறது. காலியானால் வேகமாகச் சுரக்கும். நிறைந்தே கிடந்தால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பகலா இரவா என்பது அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. 24 மணி நேரத்தில் மொத்தம் எவ்வளவு பால் வெளியேறியது, எவ்வளவு நேரம் நிறைந்தே இருந்தது என்பதுதான் கணக்கு.

இங்கேதான் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் மார்பில் பால் தேங்க நிறைய இடம் இருக்கும், இன்னொருவருக்குக் கொஞ்சம்தான். இரண்டு பேருமே குழந்தைக்கு வேண்டியதைச் சுரக்கிறவர்கள்தான்; மார்பின் வெளி அளவை வைத்து இதைச் சொல்லவும் முடியாது. இடம் அதிகம் உள்ளவர் எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் சுரப்பு அசையாமல் இருக்கலாம். இடம் குறைவாக உள்ளவருக்கு அதற்கு வெகு முன்பே நிறைந்து, சுரப்பு மெதுவாகத் தொடங்கிவிடும். அதனால் தோழி ஒருவர் ஒரே வாரத்தில் மூன்று வேளையையும் நிறுத்தினார் என்றாலும், அது உங்களுக்கு அளவுகோல் ஆகாது.

ஒன்றை மட்டும் நிறுத்துங்கள். அதற்கு ஈடாகப் பகலில் ஒன்றைக் கூட்டுங்கள்: காலையில் விழித்த உடனே, அல்லது படுக்கும் முன் இரண்டு பக்கமும். ஒரு வாரம் பாருங்கள். சிறுநீர் வழக்கம்போல் போகிறது, பகலில் சுறுசுறுப்பாக இருக்கிறாள் என்றால் அடுத்ததற்குப் போகலாம். அடுத்த முறை எடை பார்க்கும்போது ஏற்றம் தொடர்கிறதா என்றும் கவனியுங்கள். 'மார்பு முன்பு போலக் கனக்கவே இல்லையே' என்று பயப்பட வேண்டாம். எட்டு மாதத்தில் அது தளர்வாக இருப்பதுதான் இயல்பு.

மூன்றில் எதை முதலில் நிறுத்துவது?

கடிகாரத்தை விடுங்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள். பசியோடு குடிக்கும் குழந்தையின் தாடை நன்றாகக் கீழே இறங்கும், ஒரு கணம் நிற்கும், அப்புறம் விழுங்கும் சத்தம் கேட்கும். தூக்கத்துக்காகச் சப்பும்போது தாடை லேசாகப் படபடக்கும். விழுங்குவது எப்போதோ ஒரு தடவை. எந்த வேளையில் நாலு வாய் விழுங்கிவிட்டு மற்ற நேரமெல்லாம் சப்பிக்கொண்டே கிடக்கிறாளோ, அதுதான் முதலில் போக வேண்டியது. அதில் உங்களுக்கும் சுரப்பு நஷ்டம் குறைவு, அவளுக்கும் வயிற்று நஷ்டம் குறைவு.

அதையும் ஒரே இரவில் வெட்ட வேண்டியதில்லை. பத்து நிமிடம் குடிக்கிற வேளை என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் குறைத்துக்கொண்டே வாருங்கள். மூன்று நான்கு நிமிடத்துக்கு வந்த பிறகு அந்த வேளைக்கு அப்பாவோ பாட்டியோ எழுந்து தட்டிக்கொடுக்கட்டும். பால் வாசனையோடு நீங்களே போய்ச் சமாதானம் செய்வதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வழி. தட்டியும் அடங்காமல் பசியில்தான் அழுகிறாள் என்று தோன்றினால் கொடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்கு முன் இரவில் ஒரு தடவை உண்மையிலேயே பசிக்கிற குழந்தைகள் நிறையப் பேர்.

பொறுமை போய் ஒரேயடியாக நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் காலையில் மார்பு கல் மாதிரி ஆகிவிட்டது. பீச்சினால் இன்னும் ஊறும் என்கிறார்கள், பீச்சாவிட்டால் வலி உயிர் போகிறது.

இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. முழுக்கக் காலி செய்தால் மார்பு அதைத் தேவை என்று எடுத்துக்கொண்டு மறுபடி நிரப்பும். அப்படியே விட்டால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம். கையால் மெதுவாகப் பீச்சுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம், முதலில் விரலுக்கு அசையாமல் இறுக்கமாக இருந்தது, அமுக்கினால் அமுங்குகிற அளவு இளகியதும் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடம் போதும். அப்புறம் துணியில் சுற்றிய ஐஸ். கட்டியை அழுத்தித் தேய்த்து உடைக்கப் பார்ப்பது பழைய பழக்கம், தயவுசெய்து வேண்டாம். உள்ளே வீக்கம்தான் கூடும்.

ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் சூடாக, குளிர்காய்ச்சல் வருவது போல் உடம்பு வலித்தால் மருத்துவரைப் பாருங்கள். குழந்தைக்கு அந்தப் பக்கமும் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். அந்தப் பாலால் கெடுதல் இல்லை. காய்ச்சல் அடங்கும் வரை இரவுப் பாலை நிறுத்தும் பேச்சே வேண்டாம்.

ஏழு மாதப் பையன். பகலில் இரண்டு வாய் குடித்துவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விடுகிறான். இரவில்தான் வயிறு நிறையக் குடிக்கிறான்.

அவன் இரவையும் பகலையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறான். இந்த வயதில் ஃபேன் சுற்றினாலும் அதிசயம்தான். இப்படி இருக்கும்போது இரவை மட்டும் வெட்டினால் அவனுக்கும் பற்றாது, உங்கள் சுரப்பும் இறங்கும். முதலில் பகலைச் சரிசெய்யுங்கள். திரை இழுத்த அறை, டிவி இல்லை, போன் இல்லை, நீங்களும் பேச வேண்டாம். தூங்கி எழுந்த அரைமயக்கத்தில் கொடுத்தால் நன்றாகக் குடிப்பான். இணை உணவுக்கு முன் பால், பின்னால் அல்ல. ஒரு வயது வரை அவனுக்கு முக்கிய ஆகாரம் பால்தான். 6 முதல் 12 மாதம் வரை தேவையான சக்தியில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும் என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு.

இரவில் கெட்டியான உணவு கொடுத்தால் விடியும் வரை தூங்குவானா?

அப்படி நம்பிக்கொண்டு தூங்காமல் இருக்கிற அம்மாக்களை எனக்கு நிறையத் தெரியும். குழந்தை எழுவதற்குப் பசி ஒரு காரணம் மட்டுமே. பாட்டில் பாலில் மாவு கலப்பது கூடவே கூடாது, புரையேறும்.

வேலைக்குப் போகிறேன். இரவுப் பாலை நிறுத்தினால் அந்த நேரத்தில் எழுந்து பம்ப் செய்ய வேண்டுமா?

குழந்தை தூங்கும்போது நீங்கள் அலாரம் வைத்து எழுவதற்கா இவ்வளவு பாடு? நீங்கள் தூங்கப் போகும் முன் ஒருமுறை பம்ப் செய்யுங்கள், காலையில் குழந்தைக்குக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பகல் பம்பில் அளவு தொடர்ந்து இறங்கினால், வேலை இடத்தில் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் உங்கள் மார்பு அவ்வளவு நீண்ட இடைவெளியைத் தாங்காத வகை. ஒரு இரவுப் பாலை வைத்துக்கொள்வதே லாபம். ஒரு நாள் குறைந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். பம்பின் வால்வு தேய்ந்தாலே அளவு குறையும்.

இரவுப் பாலைக் குறைத்த அடுத்த மாதமே மாதவிடாய் வந்துவிட்டது. பாலும் குறைந்தது போல் இருக்கிறது.

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. இரவு இடைவெளி நீளும்போது சினைமுட்டை வெளிப்படுவது திரும்பிவிடும். அந்த நாட்களை ஒட்டிச் சிலருக்குப் பால் சற்று இறங்கும், சில நாளில் தானே சரியாகும். முக்கியமான விஷயம் வேறு: தாய்ப்பால் கொடுப்பதே கருத்தடை என்ற கணக்கு, குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல், மாதவிடாய் வராமல், பகலில் 4 மணி, இரவில் 6 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல் தாய்ப்பால் மட்டுமே கொடுப்பவர்களுக்குத்தான். உங்களுக்கு இனி வேறு ஏற்பாடு வேண்டும். மாத்திரை என்றால் ஈஸ்ட்ரோஜன் உள்ளது பாலைக் குறைக்கக்கூடும். பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

பதினைந்து மாதம். ஒரு மாதமாக இரவில் பால் இல்லாமல் தூங்கினாள். காய்ச்சல் வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் வீணா?

இல்லை. காய்ச்சலில் தண்ணீர் கூட இறங்காத குழந்தைக்குப் பால் இறங்கும், கேட்கிறபோதெல்லாம் கொடுங்கள். உடம்பு தேறி, பகலில் பழையபடி சாப்பிட ஆரம்பித்த மூன்றாம் நாள், முன்பு யார் தட்டித் தூங்க வைத்தார்களோ அவர்களே மறுபடி எழுந்து போகட்டும். இந்த முறை இரண்டு மூன்று இரவில் முடிந்துவிடும்.